கொச்சி யூதர்களின் பழைய போட்டோக்கள்: ஸ்கேன் செய்வதற்கு முன்னால்

கொச்சி யூதக் குடும்பங்களின் பழைய போட்டோக்களை ஒழுங்குபடுத்திக் கொடுக்கிறேன். ஆல்பம் கைக்கு வந்ததும் நான் ஸ்கேனர் பக்கம் போவதில்லை. குடும்பத்தில் மூத்தவர் யார் என்றுதான் கேட்பேன். 1950களில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் எடுத்த படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்தவர் இன்று இஸ்ரேலில் கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாதிம் கிராமத்தில் இருக்கலாம், வயது எண்பதைத் தாண்டியிருக்கும். முதலில் அவரிடம் பேசிவிடுங்கள்.

வீடியோ காலில் படத்தைக் காட்டி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவராகக் கேளுங்கள். அனுமதி வாங்கிக் குரலையும் பதிவு செய்யுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் இருப்பதால் ‘ஏலியா’ என்று மட்டும் எழுதினால் எந்த ஏலியா என்று தெரியாது. அப்பா பெயர், வீடு, ஊர் மூன்றும் வேண்டும்.

ஜெப ஆலயத்தின் பெயரோடும் ஊரை விடாமல் எழுதுங்கள். கடவும்பாகம் மட்டாஞ்சேரியிலும் உண்டு, எர்ணாகுளத்திலும் உண்டு. தெக்கும்பாகமும் அப்படித்தான். ஜெருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கும் உள்மண்டப மரவேலை மட்டாஞ்சேரி கடவும்பாகத்தினுடையது. ஊரை மாற்றி எழுதிவிட்டால் அந்தப் படத்தை அதோடு ஒப்பிடவே முடியாது.

பின்புறத்தில் 5715 மாதிரி எண் இருந்தால் அது எபிரேய ஆண்டு. 3760-ஐக் கழித்தால் 1955 வரும். ஆனால் அவர்களுடைய வருஷம் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் ‘1954-55’ என்று குறிப்பதே சரி. இன்னொன்று: ஆசாரமான குடும்பங்கள் சனிக்கிழமை ஓய்வுநாளிலும் பெருநாளிலும் கேமராவைத் தொடுவதில்லை. தோரா (யூத வேதம்) வாசிப்பு ஒரு சுற்று முடிவதைக் கொண்டாடும் சிம்ஹத் தோரா பண்டிகையின் அலங்காரம் தெரிகிற படம் பெரும்பாலும் பண்டிகைக்கு முன்னாலோ பின்னாலோ எடுத்ததாக இருக்கும்.

அப்புறம் ஸ்கேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் படத்தின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஸ்கேனரில் 600 டிபிஐ (dpi) துல்லியம் வைத்து, டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஸ்டூடியோ முத்திரை இருக்கலாம் என்பதால் பின்புறத்தையும் எடுங்கள். கொச்சி ஈரத்தில் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிரிக்காதீர்கள், முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பின்னால் எழுத மென்மையான பென்சில் போதும், பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும்.

பிரதிகளை இரண்டு மூன்று வீடுகளில் வையுங்கள். பொது ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதி கொடுப்பதாக இருந்தால், பெயர்ப் பட்டியலையும் குரல் பதிவையும் சேர்த்தே கொடுங்கள்.