பழைய ஐபாட் அசையாமல் நின்றுவிட்டால்
பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐபாட் கிளாசிக்கின் திரை அசையாமல் நின்றுவிட்டால், பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டிக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. முதலில் மேல் விளிம்பில் உள்ள ஹோல்ட் பொத்தானைப் பாருங்கள்; அதில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் கருவி பூட்டப்பட்டிருக்கிறது, எதை அழுத்தினாலும் பலன் இராது. பூட்டு இல்லை என்றால், ஹோல்டை ஒருமுறை பூட்டித் திறந்துவிட்டு, மெனுவையும் நடுப்பொத்தானையும் சேர்த்து, ஆப்பிள் சின்னம் தோன்றும் வரை, 6 முதல் 8 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பாடல்கள் அழிந்துவிடும் என்ற அச்சம் வேண்டாம்.

மாதக்கணக்கில் மேசை இழுப்பறையில் கிடந்த கருவி என்றால், பேட்டரி முற்றிலும் வடிந்திருக்கும் என்பதால், சுவர் சார்ஜரில் அரை மணி நேரமாவது செருகி வைத்த பிறகே இதைச் செய்யுங்கள்.

ஒரு காதில் மட்டும் ஒலி வந்தால் வேறு ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால், 3.5 மி.மீ. துளைக்குள் சட்டைப்பைப் பஞ்சு அடைந்திருக்கக்கூடும். கருவியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுக்கலாம், குண்டூசி மட்டும் கூடவே கூடாது, அது உள்ளிருக்கும் மெல்லிய தகடுகளை வளைத்துவிடும். உள்ளிருந்து 'டக் டக்' என்ற ஓசை விடாமல் கேட்டால் பாடல்கள் பதிவாகியிருக்கும் வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) பழுதடைந்து வருகிறது எனக் கொண்டு, பாடல்களை உடனே கணினியில் படியெடுத்துக்கொள்ளுங்கள்.