மரஜன்னலில் நீர் கோக்கிறதா? செய்யக்கூடாதவை இவை

கண்ணாடியில் நீர் கோத்திருந்தால், துடைப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இதைப் பார்க்காமல் வைத்தியம் தொடங்குவதுதான் முதல் தவறு. உள்பக்க நீருக்கும் வெளிப்பக்க நீருக்கும் மருந்து நேர் எதிரானது.

உள்பக்கம் என்றால், அறையில் ஈரம் மிகுந்து, கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், சுமார் 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். வெளியே 0 டிகிரி இருந்தால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் ஏறக்குறைய 5 டிகிரிக்கு இறங்கிவிடும். ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அந்த 12 டிகிரி எல்லை 6 ஆகக் குறையும்; 5 டிகிரிக் கண்ணாடியில் அப்போதும் கொஞ்சம் கோக்கலாம், ஆனால் மிகக் குறைவாக. ஒற்றைக் கண்ணாடியை மாற்ற முடியாதவர்களுக்கு இருக்கும் வழி இதுதான். ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி அறையில் வையுங்கள். ஊகத்தில் ஓட்ட வேண்டாம்.

குளிர்காலத்தில் ஜன்னலை நாள் முழுக்க விரல் அகலம் திறந்து வைப்பவர்கள் உண்டு. ஈரம் சரியாக வெளியேறாது, சட்டமும் அதை ஒட்டிய சுவரும் மட்டும் குளிர்ந்துபோகும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, 5 முதல் 10 நிமிடம், எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து மூடுவது மேல். குளித்த பின்னும் சமைத்த பின்னும் எக்ஸாஸ்ட் ஃபேன் கால் மணி நேரமாவது ஓடட்டும். ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். துணியிலிருந்து போகும் தண்ணீர் எல்லாம் அந்த அறைக் காற்றில்தான் சேர்கிறது. தடித்த திரைச்சீலை கண்ணாடியை ஒட்டித் தொங்கினால் அறையின் வெப்பம் கண்ணாடியை எட்டாது, ஈரம் மட்டும் எட்டிவிடும். மேலும் கீழும் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

வெளிப்பக்கம் கோத்தால் பெரும்பாலும் காரணம் ஏசி. வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடி வியர்க்கும். அப்போது ‘காற்றாடட்டும்’ என்று ஜன்னலைத் திறப்பது ஈரத்தை உள்ளே அழைப்பதாகும். ஏசியை ஓரிரு டிகிரி உயர்த்துங்கள், காற்று நேராகக் கண்ணாடியில் அடிக்காமல் திருப்புங்கள்.

இரட்டைக் கண்ணாடியின் நடுவில் புகை போலப் படிந்திருந்தால், விளிம்பு அடைப்பு விட்டுப்போய் உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்துவிட்டன. வெளியிலிருந்து சிலிக்கோன் பூசுவது வீண். முழு ஜன்னலையும் பெயர்ப்பதும் வீண். சட்டம் நன்றாக இருந்தால் கண்ணாடித் தொகுதியை மட்டும் மாற்றலாம். மாற்றும்போது அடிச்சட்டத்தின் வடிகால் துளைகள் பெயின்டால் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் புதுக் கண்ணாடியும் தண்ணீரில்தான் நிற்கும்.

உள்ளே ஒரு கதவு, வெளியே ஒரு கதவு என்றுள்ள பழைய ஜன்னல்களில் நடக்கும் தவறு வேறு. குளிர் வருவது வெளியிலிருந்துதானே என்று வெளிக்கதவுக்கு ரப்பர் பட்டை ஒட்டி இறுக்கிவிடுகிறார்கள். உள்கதவின் இடுக்கு வழியே நுழையும் சூடான ஈரக்காற்று நடுவில் சிக்கி, வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில் வடிகிறது. உள்கதவைத்தான் நான்கு பக்கமும் இறுக்க வேண்டும். வெளிக்கதவு கொஞ்சம் மூச்சு விடட்டும். ஒட்டிய பட்டையின் மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், விறைத்துப் பிடிமானம் போய்விடும்.

இனி மரம். கண்ணாடியில் வழியும் நீர் அடிச்சட்டத்தில்தான் தேங்கும். மூலைப் பொருத்துகளில் தெரியும் மரத்தின் வெட்டுமுனை அதை உறிஞ்சும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் உளுத்துப்போக வழி பிறக்கும். கறுத்த இடத்தை மறைக்க ஈரமரத்தின் மேல் பெயின்ட் அடிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வேலை: ஈரம் உள்ளே பூட்டப்பட்டு, பூச்சு கொப்புளித்து உரியும். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானியில் 18 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காயவிடுங்கள். பிறகு கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பட்டி (putty) தளர்ந்திருந்தால் அதைச் சுரண்டி எடுத்து, வெட்டுமுனைகளுக்கு இரண்டு தடவை பிரைமர் கொடுத்து, புதுப் பட்டி வைத்து, அது இறுகியபின் பெயின்ட் அடியுங்கள். பெயின்ட் கண்ணாடியின் மேல் 2 மில்லிமீட்டர் ஏறி நிற்கட்டும். அழகுக்காக அதை பிளேடால் வழித்தெடுத்தால் நீர் பட்டிக்குப் பின்னால் இறங்கப் பாதை திறந்துவிடும்.