தொப்பி வாங்கும்போது ‘எம்’, ‘எல்’ எழுத்தை நம்பாதீர்கள்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இரண்டு கடை ஏறி, ‘எம்’ என்று போட்ட இரண்டு கம்பெனித் தொப்பிகளை வாங்கித் தலையில் வைத்துப் பாருங்கள். ஒன்று நெற்றியை இறுக்கும், இன்னொன்று புருவம் வரை இறங்கும். இதில் எந்தத் தொப்பியும் தப்பாகத் தைத்ததில்லை. ‘எம்’ என்றால் இத்தனை சென்டிமீட்டர்தான் என்று எல்லாக் கம்பெனிகளையும் கட்டுப்படுத்தும் பொது அளவு கிடையாது. ஒருவர் 56–57 செ.மீ. தலைக்கு ‘எம்’ போடுவார், இன்னொருவர் 57–58-க்குப் போடுவார். சட்டையில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் யாருக்கும் தெரியாது. தலையில் அது தலைவலி வரைக்கும் போகும்.

எண் போட்டு வரும் தொப்பி இன்னும் குழப்பும். 58 செ.மீ. தலைக்கு அமெரிக்க அளவு 7¼, அதே தலைக்கு பிரிட்டிஷ் அளவு 7⅛. இந்த அரைக்கால் வித்தியாசம் சுற்றளவில் சுமார் ஒரு சென்டிமீட்டர். எந்த நாட்டு எண் என்று பார்க்காமல் வாங்கினால் ஒரு அளவு தவறிப்போகும்.

தைக்கிற விதமும் அளவை மாற்றுகிறது. தொப்பியின் உள்ளே நெற்றியில் படுகிற வியர்வைப் பட்டை இருக்கிறதே, வெளிச்சுற்று அப்படியே இருக்க அதன் தடிமன் 1 மி.மீ. கூடினாலே உள்சுற்றளவில் 6 மி.மீ.க்கு மேல் குறைந்துவிடும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்கள்கூட ஒன்றுபோல உட்காராமல் போக இது ஒரு காரணம்.

அதனால் உங்கள் தலையின் அளவு உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப் போதும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள், டேப்பை நெற்றியின் உச்சியில் சுற்றிவிடுகிறார்கள். தொப்பி உட்காரும் இடத்தில் சுற்ற வேண்டும்: நடு நெற்றி, காதுக்கு ஒரு விரல் மேலே, பின்மண்டையில் புடைத்திருக்கும் இடம். இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். இரண்டு மூன்று முறை எடுத்து, பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். முடியை வழக்கமாக எப்படி வைத்திருப்பீர்களோ அப்படியே அளக்க வேண்டும். டேப் இல்லையா, ஒரு கயிற்றைச் சுற்றி ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். உங்கள் அளவு இரண்டு தொப்பி அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதை எடுத்து, பட்டைக்குள் மெல்லிய ஸ்பாஞ்ச் துண்டு வைத்துக்கொள்ளலாம். பெரிய தொப்பியைச் சிறிதாக்கலாம். சிறியதைப் பெரிதாக்குவது சிரமம்.

சுற்றளவு சரியாக இருந்தும் வலிக்கிறது என்பவர்கள் தலையின் வடிவத்தைக் கவனியுங்கள். சிலருக்கு முன்பின் நீண்ட தலை, சிலருக்கு உருண்டை. இருவருக்கும் 58 இருக்கலாம். நீண்ட தலைக்காரர் உருண்டையாகத் தைத்த தொப்பியைப் போட்டால் நெற்றியும் பின்மண்டையும் அழுந்தும், காதுக்கு மேலே இரண்டு பக்கமும் இடைவெளி விழும். இதற்குப் பெரிய அளவு தீர்வே இல்லை, வேறு மாடல்தான் பார்க்க வேண்டும். “போடப் போட இளகிடும்ணா” என்று கடைக்காரர் சொல்வார். பின்னல் குல்லா இளகும். தடித்த துணியும் பனை ஓலையும் அப்படி இளகுவதில்லை. பருத்தியோ, துவைத்தால் இன்னும் சுருங்கவும் செய்யும்.

‘ஃப்ரீ சைஸ்’ என்றால் எல்லாத் தலைக்கும் சரி என்று நினைப்பதும் தவறு. பின்பட்டையைக் கடைசித் துளை வரை இழுத்து மாட்டினால் அந்தத் தொப்பி உங்களுக்கு இல்லை. ஆழத்தையும் பாருங்கள். ஆழமில்லாத தொப்பி உச்சியில் ஏறி நிற்கும், காசிமேட்டில் கடற்காற்று ஒருமுறை வீசினால் பறந்துவிடும். சரியான தொப்பி தலையை ஆட்டினால் நகராது, நெற்றிக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும், பத்து நிமிடம் போட்டுக் கழற்றினால் சிவப்புக் கோடு விழாது. அந்தப் பத்து நிமிடத்தைக் கடையிலேயே கேட்டு வாங்குங்கள்.

பிள்ளைகளுக்கு ‘வளர்ற புள்ள’ என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குகிறோம். சட்டைக்கு அது சரி. பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலை ஒரு வயதில் 46-ஐ ஒட்டி வந்துவிடும், ஐந்து வயதில் 50-ஐத் தொடும், அப்புறம் மெதுவாகத்தான் வளரும். கண்ணை மறைக்கும் தொப்பியோடு பிள்ளை சாலையைக் கடப்பது எனக்குப் பெரிய பயம்.

ஹெல்மெட்டுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் இங்கே பெரியதை எடுக்கக் கூடாது. உள்பஞ்சு பழகப் பழக அமுங்கும், இன்று சரியாக இருப்பது சில மாதத்தில் தளர்ந்துவிடும். புதிதில் கன்னம் இரண்டும் அழுந்த வேண்டும், ஆனால் நெற்றியில் ஓர் இடம் மட்டும் வலிக்கக் கூடாது. வாரை மாட்டி, பின்பக்கம் கைவைத்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால், ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4151-க்குரிய ஐஎஸ்ஐ முத்திரை இருந்தாலும் அது உங்கள் தலையைக் காக்காது. கன்னப் பஞ்சு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், சில மாடல்களுக்கு வேறு தடிமனில் கிடைக்கும்.