இழுக்கும் மூச்சை விடுங்கள், விடும் மூச்சைக் கவனியுங்கள்

ஐந்தாறு பேரின் துயரத்தைக் கேட்டு முடிக்கும் நாளில் என் தாடை இறுகிப்போயிருக்கும். பல்லோடு பல் அழுந்தியிருப்பதே எனக்குத் தெரியாது. கவுன்சலிங், நர்சிங், பிசியோதெரபி என்று பிறரைக் கவனிக்கும் வேலையில் இருக்கும் பலருக்கும் உடம்பில் இப்படி ஓர் இடம் உண்டு. சிலருக்குத் தோள், சிலருக்கு வயிறு. அதைத் தளர்த்த ஏதேதோ பயிற்சிகள் செய்கிறோம். செய்கிற விதத்தில்தான் கோட்டை விடுகிறோம்.

அதிகம் பார்க்கும் தவறு, “நல்லா ஆழமா மூச்சை இழுங்க” என்பது. பதற்றத்தில் இருப்பவர் பெரிது பெரிதாக, வேகமாக இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை சுற்றும், உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். அதுவே புதுப் பயத்தைக் கிளப்பும். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடுகிறது, விடும்போது குறைகிறது. ஆகவே விடும் மூச்சுக்குத்தான் நேரம் தர வேண்டும். மூக்கால் இயல்பாக இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான எதையோ ஊதி ஆற்றுவதுபோல மெல்ல விடுங்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சுவிடுகிறோம். அது 6-ஐ நெருங்கினால் நல்லது, நெருங்காவிட்டாலும் பாதகமில்லை. மூச்சை அடக்கி வைக்கத் தேவையே இல்லை.

அடுத்தது, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்வது. பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்த சிலருக்குக் கண்ணை மூடி உடம்பைக் கவனிப்பதே பயமுறுத்தும். நம்மில் சிலருக்கும் அப்படித்தான், வெளியே சொல்வதில்லை. கண்ணைத் திறந்தே வையுங்கள். அறையைச் சுற்றிப் பாருங்கள், கால் தரையில் பதிவதை உணருங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-லேயே விரிவாக எழுதிவைத்தார். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்வதுதான் அதன் உயிர். முழுப் பலத்தோடு இறுக்கினால் தசை பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எனக்கு மனசு வலிக்கும் தவறு ஒன்று உண்டு. ஓய்வு, தளர்வு எல்லாவற்றையும் விடுமுறைக்கென்று சேர்த்து வைப்பது. நானும் வருடக்கணக்கில் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஒருவர் எழுந்து போனதும் கை கழுவுகிறேன். தண்ணீரின் குளிர்ச்சியைக் கவனித்து, தாடையைத் தொங்கவிட்டு, இரண்டு நீளமான மூச்சு விடுகிறேன். அப்புறம்தான் அடுத்தவரை அழைக்கிறேன். மொத்தம் ஒரு நிமிடம் ஆகும்.

ஆனால் வேலைப்பளுவே அளவு மீறியிருந்தால் மூச்சுப் பயிற்சி அதற்கு ஈடாகாது. சமாளிக்கப்படாமல் நீடிக்கும் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையால் முற்றிலும் சோர்ந்துபோகும் நிலையை, விளக்கியது. ஆள் பற்றாக்குறையை வைத்துக்கொண்டு ஊழியர்களுக்கு யோகா வகுப்பு மட்டும் நடத்தினால் அவர்கள் தேறமாட்டார்கள். இந்த விஷயத்தில் மேலதிகாரியிடம்தான் பேச வேண்டும். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் உடனே, தாமதிக்காமல்.