போதைப் பழக்கம் உள்ளவர் நம் வார்டுக்கு வந்தால்

டியூட்டி மாறும்போது "எட்டாம் நம்பர் பெட், குடி கேஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு போய் நின்றால் நம் முகமே காட்டிக்கொடுத்துவிடும், அப்புறம் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார்.

திரையை இழுத்துவிட்டு, கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து கேளுங்கள். "குடிப்பீங்களா?" என்றால் "எப்பவாவது" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்போ குடிச்சீங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்? மருந்து சரியா கொடுக்கத்தான் கேக்குறேன்" என்று கேட்டுப் பாருங்கள். அந்த நேரம்தான் நமக்கு முக்கியம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம், வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும், ஆள் அடையாளம் தெரியாத குழப்பம் இரண்டு மூன்று நாள் கழித்து. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் ராத்திரி ஒருவர் டிரிப்ஸைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இறங்கி நடந்தால், "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதற்கு முன் (நானும் எழுதியவள்தான்) பல்ஸ், பிரஷர், சர்க்கரை, ஆக்சிஜன் பார்த்து டாக்டரைக் கூப்பிடுங்கள். தயமின் (வைட்டமின் B1) எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வலி என்றால் "மருந்துக்காக நடிக்கிறார்" என்று பேச்சு வந்துவிடும். ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் போன்றவை) பழகிய உடம்புக்கு வழக்கமான டோஸ் போதாது, அவ்வளவுதான். அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் எடுப்பவருக்கு அந்த ஒரு வேளை மருந்து விலகல் அவஸ்தையை (போதை நின்றதும் உடம்பு படும் பாட்டை) ஒரு நாள் முழுக்கத் தாங்கும், வலியைக் குறைப்பதோ 4 முதல் 8 மணி நேரம்தான். அதனால் மெத்தடோனை நிறுத்தாமல், வலிக்குத் தனியாக எழுதித் தரும்படி டாக்டரிடம் விடாமல் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று அறிவுரை வேண்டாம். ஓபியாய்டை நிறுத்தியிருந்தவருக்கு ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: இத்தனை நாள் எடுக்காததால் உடம்பு தாங்கும் அளவு குறைந்துவிட்டது, பழைய அளவே உயிரை எடுத்துவிடலாம். நலோக்சோன் (ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது போடும் மாற்று மருந்து) கிடைக்கும் இடமென்றால் கையில் கொடுத்து, வீட்டில் இருப்பவருக்கும் போடக் கற்றுக்கொடுங்கள்.

நலோக்சோன் போட்டு எழுந்தவர் கத்துவார், திட்டுவார். ஒரே நொடியில் விலகல் அவஸ்தைக்குள் தள்ளிவிட்டோம், வேறென்ன செய்வார்? ஆனால் அந்த மருந்து 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும், உள்ளே இருக்கும் போதை அதைவிட நீடித்தால் மூச்சு மறுபடியும் அடங்கும். அதனால் வாக்குவாதம் செய்யாமல், போர்வையைப் போர்த்திவிட்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மூச்சை எண்ணுங்கள்.