புற்றுக்காளானை அடையாளம் காண்பது எப்படி?

நம் ஊரில் நல்ல மழைக்குப் பின் கறையான் இருக்கும் நிலத்தில் முளைப்பது புற்றுக்காளான். இதன் ஒரு இனமான டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மியை 1979-இல் நடராஜன் என்ற பூஞ்சையியலாளர் தென்னிந்தியாவிலிருந்து முதன்முதலில் விவரித்தார். அந்தக் காளானை வைத்தே பழகுவோம். இது பார்த்துப் பழகுவதற்கான பாடம் மட்டுமே. சமைப்பதென்றால், வழிவழியாகப் பறித்துப் பழகியவர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகுதான்.

முதலில் இடம். மேலே மண்புற்று தெரிய வேண்டும் என்பதில்லை. கூடு முழுக்க மண்ணுக்கடியிலேயே இருக்கலாம். மரத்தடி, வரப்பு, புதர் ஓரம் என்று தேடுங்கள். ஒன்றைப் பார்த்தால் நின்று சுற்றிலும் பாருங்கள், பெரும்பாலும் கூட்டமாகத்தான் இருக்கும்.

அடுத்து குடை. வெள்ளை அல்லது வெளிர் நிறம்; நடுவில் மட்டும் சற்றே கருத்த குமிழ். கெட்டியான மண்ணைத் துளைத்து மேலே வர அந்தக் குமிழ்தான் உதவுகிறது. தண்டில் வளையமும் உண்டு. ஆனால் விஷக்காளான்கள் பலவற்றிலும் வளையம் உண்டு, அதை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான வேலை. தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், அறுந்துவிடும். களைக்கொத்தியால் பக்கவாட்டு மண்ணை மெல்ல விலக்குங்கள். தண்டு முடியாமல் வேர் போல ஒல்லியாகிக் கீழே போய்க்கொண்டே இருக்கும். கூடு எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீளம். அது போய்ச் சேரும் இடம் கறையானின் பூஞ்சைத் தோட்டம். தின்ற இலை தழைகளின் எச்சத்தைக் கறையான் தேனடை போல அடுக்கி வைக்க, அதில் பூஞ்சை வளர்ந்து, கறையானால் செரிக்க முடியாததை உடைத்துக் கொடுக்கிறது. கறையான் இல்லாமல் இது வளராது. அதனால்தான் சிப்பிக்காளான் மாதிரி பண்ணையில் இதை வளர்க்க முடிவதில்லை. வேர் தெரிந்தால் போதும், கூட்டைத் தோண்டாமல் மண்ணை மூடிவிடுங்கள். தண்டடியில் கிழிந்த பை போன்ற உறை இருந்தால் அது வேறு காளான், தள்ளி வையுங்கள்.

சரி, கடைசியாக வித்துத்தூள், அதாவது குடையின் அடிப்பக்க மடிப்புகளிலிருந்து உதிரும் விதை போன்ற தூள். பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒரு காகிதம் எடுத்து, விரிந்த குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி அதன்மேல் வையுங்கள். டம்ளரால் மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் படிந்திருக்கும் தூள் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். பச்சை என்றால் புல்வெளியில் முளைக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்ஸ், வாந்தி பேதியில் தள்ளும் காளான். வெள்ளை என்றாலும் இது புற்றுக்காளான் இல்லை; ஆளைக் கொல்லும் அமானிட்டா வகைக் காளான்களின் தூள் வெள்ளைதான். இளஞ்சிவப்புத் தூள் விடும் விஷக்காளான்களும் இருப்பதால் தூளும் வேரும் இரண்டுமே பொருந்த வேண்டும்.

பூண்டு, வெள்ளிக்காசு போட்டுக் கறுக்கிறதா என்று பார்ப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அமானிட்டா விஷம் எதையும் கறுக்க வைக்காது, வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தே வாந்தி தொடங்கும். சந்தேகம் வந்தால் அதுவரை காத்திருக்காமல், மிச்சமுள்ள காளானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.