கணக்குப் போடும் முன் கேட்க வேண்டியவை: தரவு ஆய்வாளர்களுக்குச் சில வழிமுறைகள்

எக்செல், எஸ்கியூஎல், பவர் பிஐ ஆகிய தரவு ஆய்வுக் கருவிகளை முறையாகப் படித்துத் தேறிவிடலாம். ஆனால் அலுவலகத்தில் ஒரு தரவு ஆய்வாளரின் பேச்சு எடுபடுவது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் அவர் கணினியைத் தொடுகிறாரா என்பதைப் பொறுத்தது.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை நடத்தும் ஒருவர், 2023, 2024 ஆகிய ஆண்டுகளின் அக்டோபர் விற்பனையை ஒப்பிட்டுத் தரச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் தீபாவளி நவம்பர் 12. அடுத்த ஆண்டில் அக்டோபர் 31. எனவே 2024 அக்டோபரில் விற்பனை எகிறிவிட்டதாக அறிக்கை காட்டக்கூடும். கூட்டலில் பிழை இராது. ஆனாலும் கடைக்காரர் சிரித்துவிடுவார். "முதலாளி, இதை வைத்து எதை முடிவு செய்யப் போகிறீர்கள்?" என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், வரும் தீபாவளிக்கு எவ்வளவு சரக்கு எடுப்பது என்பதே அவருடைய கவலை என்று தெரிந்திருக்கும்; பண்டிகைக்கு முந்தைய 30 நாள்களை எடுத்து ஒப்பிட்டிருக்கலாம். முகூர்த்த நாள்களும் மாதத்துக்கு மாதம் கூடிக் குறைவதால், அவற்றையும் இப்படிக் கேட்டறிவது நல்லது.

அடுத்து, கூட்ட நேரத்தில் பில் போடும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். அவசரத்தில் பாவாடையும் ஜாக்கெட் துணியும் ஒரே குறியீட்டில் பதிவாகிவிடுவதை, எண்களைத் தொகுத்துக் காட்டும் டாஷ்போர்டு திரை சொல்லாது; குற்றம் கண்டுபிடிக்க வந்தவரைப் போல விசாரிக்காமல் இருந்தால், பில் போடும் அக்காவே சொல்லிவிடுவார்.

முடிவை எடுத்துச் சொல்லும்போது கலைச்சொற்களைக் குறையுங்கள். நான்கு பேர் தலா 500 ரூபாய்க்கும், கல்யாண வீட்டார் ஒருவர் 48,000 ரூபாய்க்கும் வாங்கினால் சராசரி பில் 10,000 ரூபாய் ஆகும். அந்தத் தொகைக்கு ஒருவரும் வாங்கவில்லை. இங்கே இடைநிலை அளவை (பில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் தொகையை) விளக்கிக்கொண்டிருப்பதைவிட, "ஐந்தில் நான்கு பேர் 500 ரூபாய்க்குத்தான் வாங்குகிறார்கள்" என்பது உடனே விளங்கும். வண்ண வரைபடங்கள் இதற்குப் பிறகு வந்தால் போதும்.

முதலாளியின் கணிப்புக்கு மாறான எண் வந்தால், பலர் முன்னிலையில் அதைப் போட்டு உடைக்காமல், கூட்டத்துக்கு முன்பே தனியாகக் காட்டி, எங்கே விலகுகிறது என்று சேர்ந்து பாருங்கள். திரும்பி வந்த சரக்கைக் கழித்த கணக்கா, கழிக்காததா என்பது போன்றவற்றைப் பேசி முடித்த அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி அனுப்பி, அவருடைய ஒப்புதலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.